கைசர் சீஃப்ஸ் நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது என்ன?

பொன்கறுப்பு (சாட்ஸ்வர்த்):

அனைவருக்கும் வணக்கம். 2025 மே 10-ஆம் தேதி டர்பன் மோசஸ் மபீடா ஸ்டேடியத்தில் தென்னாப்பிரிக்கக் கால்பந்தின் நெட்பேங்க் கோப்பை இறுதியாட்டம் முடிந்தபோது நான் என் மகளோடு கேலரியில் நின்றுகொண்டிருந்தேன். நம் கழகமான கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸை 2-1 என்ற கணக்கில் வென்றது. யூசுஃப் மார்ட் அடித்த பந்து வலைக்குள் போனதும், முன்பின் அறியாத ஒரு ஜூலு முதியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்; நானும் அழுதேன். மகளுக்கு வயது 12. நினைவு தெரிந்த நாள் முதல் சீஃப்ஸ் ஒரு கோப்பையைத் தூக்கி அவள் பார்த்ததே இல்லை. 2015-இல் லீக் பட்டம் வென்றதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் வெறுங்கையோடு இருந்த அணி இது.

அந்த மகிழ்ச்சி மாதக் கடைசி வரைகூட நீடிக்கவில்லை. லீக் முடிந்தபோது நாம் 9-ஆம் இடத்தில் இருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு 10-ஆம் இடம். முதல் எட்டு அணிகளுக்கு மட்டுமே உரிய எம்டிஎன்8 போட்டியில், தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக, நாட்டிலேயே மிகுதியான ரசிகர்களைக் கொண்ட கழகத்துக்கு இடமில்லை. ஒரு கோப்பை வந்துவிட்டது என்பதற்காகப் பத்து ஆண்டுக் கணக்கை மூடிவிடலாகாது என்றுதான் இந்த விவாத இழையைத் தொடங்குகிறேன்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018-இல் இதே மோசஸ் மபீடாவில் நடந்த கோப்பை அரையிறுதியில் ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் 2-0 என்று தோற்றோம். ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள், ஒரு காவல் பணியாளர் கொடூரமாகத் தாக்கப்பட்டார், அன்றிரவே பயிற்சியாளர் ஸ்டீவ் கொம்ஃபேலா பதவி விலகினார். 2019-இல் மீண்டும் அதே ஸ்டேடியத்தில், இரண்டாம் பிரிவு அணியான டிஎஸ் கேலக்ஸியிடம் கோப்பையைப் பறிகொடுத்தோம். 2020-இல் பருவத்தின் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசி நாளில் பரோக்கா அணியோடு 1-1 என்று சமன் செய்து லீக் பட்டத்தை மமெலோடி சன்டவுன்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தோம். 2021-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை போனது பெருமைதான். அங்கே எகிப்தின் அல் அஹ்லியிடம் 3-0 என்று தோற்றோம்.

இந்தக் காலத்தில் பயிற்சியாளர் பொறுப்பு குறைந்தது எட்டு முறை கைமாறியிருக்கிறது. கொம்ஃபேலா, மிடன்டார்ப், ஹன்ட், பாக்ஸ்டர், ஸ்வானே, என்ட்செக்கி என்று ஒவ்வொருவராகக் குற்றம் சுமந்து போனார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும், அவர்கள் கையில் எந்த வீரர்களைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்களும் அப்படியே இருக்கிறார்கள். நிறுவனர் கைசர் மொட்டாவுங் தலைவர். ஒரு மகன் பாபி நெடுங்காலம் கால்பந்து மேலாளர். இன்னொரு மகன் கைசர் ஜூனியர் 2021 முதல் விளையாட்டு இயக்குநர். மகள் ஜெசிகா சந்தைப்படுத்தல் இயக்குநர். அவர்களில் எவரையும் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்த இங்கே இடமில்லை. ஆனால் தோல்விக்கு எப்போதும் வெளியாள்தான் பொறுப்பாளி என்றால், உள்ளே இருப்பவரிடம் யார் கேள்வி கேட்பது?

கணக்கர் (லெனேசியா):

வணக்கம் அண்ணா. நீங்கள் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. என் வீட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்கின் நட்டூரினாவிலுள்ள கழகப் பயிற்சி மையம் தொலைவில் இல்லை. தோற்ற வாரங்களில் அந்தப் பகுதி முழுவதும் ஒரு சாவு வீட்டு அமைதி நிலவும். என் தொழில் கணக்குப் பார்ப்பது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் கழகத்தின் உயிர் டிக்கெட் பணத்தில் இருந்தது. ரசிகர் வராவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் தடுமாறும். 2007-இல் சூப்பர்ஸ்போர்ட் நிறுவனத்துடன் லீக் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 160 கோடி ராண்ட். அதற்குப் பிறகு லீக்கிலிருந்து ஒவ்வொரு கழகத்துக்கும் மாதந்தோறும் ஒரு தொகை போகிறது. சட்டையில் பெயர் பொறிக்கும் விளம்பரதாரர் பணம் தனி. கேலரி காலியாக இருந்தாலும் கழகம் நடக்கும். ஆகவே, "போகாமல் இருந்து பாடம் கற்பிப்போம்" என்று ஒவ்வோர் ஆண்டும் எழும் பேச்சு ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நம் கோபம் அவர்களுடைய வரவுப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

இன்னொரு செய்தி. லீக்கின் விதிகளை வகுப்பது ஆளுநர் குழு. அந்தக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் கழகங்களின் உரிமையாளர்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும். லீக்கின் தலைவர் பைரட்ஸ் உரிமையாளரான இர்வின் கோசா. உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் விதியை உரிமையாளரே எழுத வேண்டும் என்ற அமைப்பில், ரசிகனுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

மேர்பேங்க் வாசகி:

ஐயா இருவருக்கும் வணக்கம். கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "குடும்பம்" என்ற சொல்லைக் குற்றப்பெயராக ஆக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம்மை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பின்னுக்குத் தள்ளி லீக் பட்டத்தை வென்ற மமெலோடி சன்டவுன்ஸ் யாருடையது? மொட்செபே குடும்பத்துடையது. 2021 முதல் அதன் தலைவர் பட்ரிஸ் மொட்செபேயின் மகன் ட்லோபி. அங்கேயும் தந்தையிடமிருந்து மகனுக்குத்தான் போனது. அவர்களிடம் பணம் மிகுதி என்பீர்கள். சரி, பணமில்லாத குடும்பத்தையும் பார்ப்போம். என் வீட்டுக்கு அடுத்தாற்போல் இருக்கும் லாமண்ட்வில் கோல்டன் ஆரோஸ் மத்லாலா குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1976-இல் மறைந்துபோன ஒரு பழைய கழகத்தின் பெயரை, 1996-இல் இரண்டாம் பிரிவில் ஆடும் உரிமம் ஒன்றை வாங்கி அவர்கள் மீட்டெடுத்தார்கள். 2009-இல் எம்டிஎன்8 இறுதியாட்டத்தில் அயாக்ஸ் கேப்டவுனை 6-0 என்று வென்றார்கள். பெரிய கோப்பை வேறில்லை. ஆனாலும் லாமண்ட்வில் மக்களுக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது; அவர்கள் பிள்ளைகளுக்கு ஆட ஓர் இடம் இருக்கிறது.

சீஃப்ஸை எடுத்துக்கொண்டாலும், அந்தக் குடும்பம் இல்லாவிட்டால் இந்தக் கழகமே இல்லை. 1968-இல் அட்லாண்டா சீஃப்ஸுக்கு ஆடி அமெரிக்க லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று பெயரெடுத்த ஓர் இளைஞர், சொவேட்டோவுக்குத் திரும்பிவந்து, நிறவெறி ஆட்சியின் நடுவே, 1970 ஜனவரியில் தன் பெயரையும் அந்த அமெரிக்க அணியின் பெயரையும் சேர்த்து ஒரு கழகத்தை எழுப்பினார். கறுப்பர் ஒருவர் சொந்தமாக ஒரு கடை நடத்தவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட நாட்டில் அது எத்தகைய செயல் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அதை விட்டுச்செல்ல நினைப்பதில் தவறு காண என்னால் முடியவில்லை.

கரும்புக்காட்டுப் பேரன் (டோங்காட்):

பிள்ளைகளே, நான் உங்களைவிட மூத்தவன். ஆகவே சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீஃப்ஸைப் பற்றிப் பேசும்போது எனக்கு மானிங் ரேஞ்சர்ஸ் நினைவு வந்து, இரண்டு நாளாக உறக்கம் இல்லை.

1928-இல் டர்பனில் ஜி. ஆர். நாயுடு தொடங்கிய கழகம் அது. இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் வெள்ளையர் லீக்கில் ஆட முடியாத காலம். கரீஸ் ஃபவுண்டன் திடலில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால், காலையில் கோவிலுக்குப் போய்விட்டு, சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு பஸ் ஏறுவோம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த இனப்பகுதிச் சட்டத்தின்கீழ் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம்மைப் பெயர்த்துக் கொண்டுபோய் சாட்ஸ்வர்த்தில் போட்டார்கள். வீடு போனது, கோவில் போனது, அக்கம்பக்கம் சிதறியது. கால்பந்துக் கழகங்கள் மட்டும் நம்மோடு வந்தன.

இன்று பிஎஸ்எல் (பிரீமியர் சாக்கர் லீக்) என்று நாம் சொல்லும் லீக்கின் முதல் பருவம் 1996-97. அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்றது சீஃப்ஸும் இல்லை, பைரட்ஸும் இல்லை. கோர்டன் இகசுண்ட் பயிற்சியில் மானிங் ரேஞ்சர்ஸ் வென்றது. சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தின் கேலரியில், என் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. தமிழனும் தெலுங்கனும் ஜூலுவும் கலப்பினத்தவரான கலர்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு, விடுதலை கிடைத்து மூன்று ஆண்டு ஆன நாட்டின் முதல் சாம்பியனை வீட்டுக்கு அழைத்துவந்த நாள்.

ஒன்பதே ஆண்டுகள். கடன் ஏறியது, வீரர்கள் போனார்கள், அணி கீழிறங்கியது. 2006-இல் கழகத்தை ஃபிடென்சியா என்ற நிதி நிறுவனம் வாங்கியது. பெயரை மாற்றினார்கள், கேப்டவுன் பக்கம் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே அந்த நிதி நிறுவனம் பெரும் மோசடி வழக்கில் சிக்கிச் சரிந்தது. உரிமம் வேறொரு கைக்குப் போய் இகாப்பா ஸ்போர்ட்டிங் என்று பெயர் பெற்றது. எழுபத்தெட்டு ஆண்டு வயதான நம் கழகம், ஒரு கையெழுத்தில், நம்மில் ஒருவரையும் கேட்காமல், இல்லாமல் போனது. இறுதிச்சடங்கு செய்ய உடல்கூட இல்லாத சாவு அது.

பொன்கறுப்பு தம்பிக்குச் சொல்கிறேன். பத்து ஆண்டு கோப்பை இல்லாமல் இருக்கலாம். பத்தாம் இடத்தில் இருக்கலாம். கழகம் இருக்கிறதே. கோபத்தில் "விற்றுவிடுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதே.

பொன்கறுப்பு (சாட்ஸ்வர்த்):

ஐயா, இதைப் படித்துவிட்டு என் தாயாரிடம் காட்டினேன். 1997-இல் தாத்தாவும் அந்தக் கேலரியில்தான் இருந்தாராம். நான் அந்த ஸ்டேடியத்தைக் கடந்துதான் நாள்தோறும் வேலைக்குப் போகிறேன். ஒரு முறையும் நின்று பார்த்ததில்லை. உங்கள் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன்.

ஃபீனிக்ஸ் 031:

மன்னியுங்கள் ஐயா, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் 25 வயதுக்காரன். உங்கள் தலைமுறைக்கு 1997 இருக்கிறது, அண்ணனுக்கு லீக் பட்டம் வென்ற 2013-உம் 2015-உம் இருக்கின்றன, எனக்கு என்ன இருக்கிறது? 2018-இல் மோசஸ் மபீடாவில் நானும் இருந்தேன். மைதானத்தில் இறங்கியவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் காவல் பணியாளரை அடித்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்னைச் சுற்றி நின்றவர்களின் முகத்தை நான் பார்த்தேன். வாரக்கூலியில் பாதியை டாக்சிக்கும் டிக்கெட்டுக்கும் செலவழித்து வந்தவர்கள். அவர்களுக்கு வாயைத் திறக்க வேறு இடமே கொடுக்கப்படவில்லை.

நம்மிடம் கருத்துக் கேட்ட ஒரே நிகழ்ச்சி எது தெரியுமா? 2011-இல் தொடங்கிய கார்லிங் பிளாக் லேபல் கோப்பை. பருவத்துக்கு முந்தைய அந்த ஆட்டத்தில் சீஃப்ஸுக்கும் பைரட்ஸுக்கும் ஆடும் பதினொருவரை ரசிகர்கள் கைப்பேசி வழியே தேர்ந்தெடுத்தார்கள். பீர் விற்பதற்காக நம் வாக்கைக் கேட்க முடிந்தவர்களுக்கு, கழகத்தின் எதிர்காலம் பற்றி ஆண்டுக்கு ஒரு முறை நம் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாதா? பெரும் பணக்காரர் ஒருவர் வந்து வாங்கினால் நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் மலைச்சாரல்:

தம்பி, வாங்க வருபவர்களை நாங்கள் பார்த்துவிட்டோம். எங்கள் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்கு மாரிட்ஸ்பர்க் யுனைடெட் இருந்தது. கடோடியா குடும்பத்தின் கழகம். 2018-இல் ஃபாத்லு டேவிட்ஸ் பயிற்சியில் லீக்கில் நான்காம் இடம், கோப்பையில் இறுதியாட்டம். ஹாரி குவாலா ஸ்டேடியத்தின் வேலிக்குப் பக்கத்தில் நின்றால் வீரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். 2023-இல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2024-இல் அது டர்பன் சிட்டி ஆகிவிட்டது. 2025-இல் அந்தப் புதுப்பெயரோடு மேல்பிரிவுக்கு ஏறியது. டர்பன் நண்பர்கள் மகிழ்ச்சி தெரிவித்து எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். எங்கள் ஊரின் பெயர் எங்கே போனது?

அதே ஸ்டேடியத்துக்கு ராயல் ஏஎம் வந்தது. 2021-இல் புளூம்ஃபான்டெய்ன் செல்டிக் கழகத்தின் உரிமத்தை ஷான் ம்கிஸே வாங்கினார். மகன் ஆண்டிலே ம்பிசானே தலைவராக இருந்துகொண்டே சீருடை அணிந்து ஆடவும் செய்தார். எங்கள் நகராட்சி அந்தக் கழகத்துக்கு மூன்று ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் ராண்ட் ஆதரவுத்தொகை அறிவித்தது. ஊரில் சாலையெல்லாம் பள்ளமாகக் கிடந்தபோது செய்த அறிவிப்பு அது. பிறகு வரித்துறை உரிமையாளரின் சொத்துகளை முடக்கியது. கழகமும் அதில் அகப்பட்டது. 2025 ஏப்ரலில் லீக் அதன் உறுப்புரிமையையே நீக்கியது. செல்டிக் ரசிகனிடமிருந்து பிடுங்கி எங்களிடம் கொண்டுவந்த பொருள், எங்கள் கையிலும் நிற்காமல் மண்ணாகிப்போனது. புளூம்ஃபான்டெய்னில் பச்சையும் வெள்ளையும் உடுத்திப் பாடிய அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு என் துயரம் சிறியதாகத் தெரிகிறது.

கரும்புக்காட்டுப் பேரன் (டோங்காட்):

பிட்வெஸ்ட் விட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1921-இல் பிறந்த கழகம், 2017-இல் லீக் சாம்பியன், 2020-இல் விற்கப்பட்டு லிம்போபோ மாநிலத்துக்குப் போனது. அதை வைத்திருந்தது குடும்பம் இல்லை, பெரிய நிறுவனம். பணம் இருந்தும் கழகம் பிழைக்கவில்லை.

கணக்கர் (லெனேசியா):

இந்த இழை இப்போது எனக்குத் தெளிவாகிறது. அக்கா சொன்னது போலக் குடும்பம் நோய் அல்ல. ஐயா சொன்னது போல விற்பனை மருந்தும் அல்ல. அப்படியானால் சீஃப்ஸில் பழுது எங்கே? என் கருத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சன்டவுன்ஸில் பணம் மட்டும் வேலை செய்யவில்லை. வீரர்களைக் கண்டுபிடிப்பது, விலை பேசுவது, பயிற்சியாளரைத் தேர்வது ஆகியவற்றுக்குத் தொழில் தெரிந்தவர்களை வைத்து, அந்த வேலையைச் செய்யவும் விட்டார்கள். நம்மிடம் அந்த நாற்காலிகள் பிறப்பால் நிரம்புகின்றன. ஒரே ஓர் எடுத்துக்காட்டு. மடகாஸ்கரின் ஃபோசா ஜூனியர்ஸ் கழகத்திலிருந்து "டாக்ஸ்" என்று அழைக்கப்பட்ட வீரரை 2018-இல் கொண்டுவந்தார்கள். அந்தக் கழகத்துடன் அவருக்கு ஒப்பந்தம் இருந்த நிலையில் நடந்த அந்த மாற்றத்துக்காக, 2020-இல் ஃபிஃபா நமக்கு இரண்டு பதிவுக் காலங்களுக்குப் புது வீரர்களை எடுக்கத் தடை விதித்தது. விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தும் பயனில்லை. கேவின் ஹன்ட் ஒரு புது வீரரைக்கூடப் பதிவு செய்ய முடியாத அணியோடு பருவத்தைத் தொடங்கினார். 2021 மே மாதத்தில் நீக்கப்பட்டவர் அந்த ஹன்ட். ஒப்பந்தத்தைச் சரிபார்க்காமல் விட்ட பிழைக்கு உள்ளே எவராவது பொறுப்பேற்றதாக எந்த அறிவிப்பையும் நான் படிக்கவில்லை. எந்த அலுவலகத்திலும், ஒரு வாடிக்கையாளரின் ஆவணத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டு இவ்வளவு சேதம் செய்தவர் அடுத்த நாள் அதே நாற்காலியில் உட்கார முடியாது.

ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று தனிக் கண்காணிப்பாளரை அமைக்க அரசே முன்வந்தது. அவை இங்கே நாளையே வரப்போவதில்லை. ஆகவே எட்டக்கூடியதைக் கேட்போம். முதலில், வீரர் வாங்கல் விற்பனைக்குக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து, தகுதி பார்த்து, ஒருவரை அமர்த்தி அவர் பெயரை வெளியிட வேண்டும். அடுத்து, பருவம் முடிந்ததும் ரசிகர் கிளைகளின் பிரதிநிதிகள் முன்னால் தலைவர் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஃபீனிக்ஸ் 031:

விற்க வேண்டும் என்று நான் எழுதியதை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் பதில் சொல்லும் அந்தக் கூட்டம் ஜோகன்னஸ்பர்கில் மட்டும் நடந்தால் எங்களுக்குப் பயன் இல்லை. கோப்பை இறுதியாட்டத்துக்கு டர்பன் வேண்டும் என்றால், கணக்குச் சொல்வதற்கும் டர்பனுக்கு வரட்டும்.

மேர்பேங்க் வாசகி:

இதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். கேட்கும் முறை மட்டும் மரியாதையாக இருக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவரிடம் பேசுகிறோம். நம் வீட்டுப் பெரியவர் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பின் கடை நொடிக்கிறது என்றால் எப்படிப் பேசுவோமோ, அப்படி.

பொன்கறுப்பு (சாட்ஸ்வர்த்):

நேற்றிரவு உட்கார்ந்து ஒரு வரைவு எழுதினேன். முழுவதையும் இங்கே இடாமல், நடுப்பகுதியை மட்டும் தருகிறேன்:

"ஐயா, உங்கள் உடைமையைக் கேட்டு நாங்கள் வரவில்லை. 1970-இல் நீங்கள் நட்ட மரத்தின் நிழலில் மூன்று தலைமுறையாக நிற்பவர்கள் என்ற உரிமையில் வருகிறோம். 2001 ஏப்ரலில் எல்லிஸ் பார்க் நெரிசலில் இந்தக் கழகத்தையும் பைரட்ஸையும் பார்க்க வந்த 43 பேர் வீடு திரும்பவில்லை. அதன் பிறகும் நாங்கள் வருவதை நிறுத்தவில்லை. ஆகவே, தோல்விக்கான காரணத்தை அறிவிப்புப் பலகையில் ஒரு பயிற்சியாளரின் பெயராக மட்டும் இனி நாங்கள் படிக்க விரும்பவில்லை. உங்கள் வாயால் கேட்க விரும்புகிறோம்."

திருத்தங்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

கரும்புக்காட்டுப் பேரன் (டோங்காட்):

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒரு வரி சேர்த்துக்கொள். கழகத்தின் பெயரையோ ஊரையோ உரிமத்தையோ மாற்றும் எண்ணம் என்றைக்காவது எழுந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக ரசிகர் கிளைகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று. எங்களுக்கு அந்த ஒரு கடிதம் வந்திருந்தால், சாட்ஸ்வர்த்தில் வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டியிருப்போம்.

மேர்பேங்க் வாசகி:

கடிதத்தை ஜூலு மொழியிலும் எழுதுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மா நாற்பது ஆண்டாக சீஃப்ஸ் ரசிகை. அவரும் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறார். மொழிபெயர்ப்பை அவரோடு உட்கார்ந்து நானே செய்துவிடுகிறேன்.